கித்தாப் பாலும் கோயோக்கும்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை விட்டு உள்சந்துக்குள் திரும்பினால், மல்லிகைச் சரமும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் பின்தங்கிவிடும். கற்பூரமும் புதினாச் சத்தும் கலந்த தைல வாடை எதிரே வரும். பார்வையற்றவர்கள் உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் அங்கேதான் இருக்கின்றன. 1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. லாரி ஓட்டுநர், நாள் முழுக்கக் கணினி முன் குனிந்திருந்த பெண், கோயில் படியேற முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் பாட்டி என்று எல்லோரும் அங்கே வருவார்கள். திரும்பும் வழியில் மருந்துக்கடைக்குள் எட்டிப்பார்த்துப் பலர் கேட்பது ஒன்றுதான்: “கோயோக் இருக்கா?”

வலிக்கு ஒட்டும் பிளாஸ்டருக்கு மலேசியாவில் அதுதான் பெயர். மருந்துக் களிம்பைக் குறிக்கும் சீனச் சொல் மலாய் வழியாக எல்லோர் வாய்க்கும் வந்து சேர்ந்தது. சந்தையில் கூட்டம் சேர்த்து, தீராத நோயெல்லாம் தீரும் என்று சொல்லி அதை விற்றார்கள். அதனால் மலாயில் ‘ஜுவால் கோயோக்’, அதாவது கோயோக் விற்பது, என்றாலே வாய்ச்சவடால் என்று ஆகிவிட்டது. விற்றவன் மேல் விழ வேண்டிய பழி பொருள் மேல் விழுந்துவிட்டது. வலிக்கிற இடத்தில் மட்டும் மருந்தைச் சேர்த்து, உடம்பின் மற்ற பாகங்களைத் தொந்தரவு செய்யாமல் விடுவது மருந்தியலில் மிகச் சிரமமான வேலை. அந்த வேலையைத்தான் இந்தச் சின்னத் துணித்துண்டிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

அதன் நவீன வரலாறு தொடங்குவது மலாய் மண்ணில் வளர்ந்த ஒரு மரத்தின் பாலில்.

மலேசியத் தமிழர் ரப்பரைக் ‘கித்தா’ என்பார்கள். தோட்டத்தில் பிறந்த தலைமுறைக்குக் கித்தா மரம், கித்தாப் பால் என்றுதான் பழக்கம். மரப்பிசினுக்கான ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் உருவம் அது. அதே சொல் ‘கெத்தா பெர்ச்சா’ என்ற வடிவில் 1840களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறி, அங்கே ‘கட்டாபெர்ச்சா’ ஆனது. இது ரப்பர் மரம் அல்ல. மலாய்க் காடுகளில் தானாக வளர்ந்த வேறொரு மரம். சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் அதன் பால், கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. அந்தத் தேவைக்காகக் காட்டு மரங்களை வெட்டி வெட்டியே அழித்தார்கள். பல் மருத்துவர் வேர்ச் சிகிச்சை செய்து துளையை அடைப்பது இன்றும் இந்தப் பொருளால்தான்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் பையர்ஸ்டார்ஃப் என்ற மருந்தாளர் இருந்தார். தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னாவுடன் சேர்ந்து, மெல்லிய துணியில் கட்டாபெர்ச்சாவைப் பூசி அதன்மேல் மருந்தைப் பரப்பும் முறையை அவர் உருவாக்கினார். அதற்கான காப்புரிமையின் தேதி 1882 மார்ச் 28. நிவியா களிம்பால் பிற்பாடு உலகமெங்கும் பெயர்பெற்ற பையர்ஸ்டார்ஃப் நிறுவனம் அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அதற்கு முன்பும் பிளாஸ்டர்கள் இருந்தன. கடைக்காரர் மெழுகையும் பிசினையும் காய்ச்சித் துணியில் தடவித் தருவார். எவ்வளவு மருந்து, எவ்வளவு பரப்பில் என்ற கணக்கு அவற்றில் கிடையாது. ஹாம்பர்க்கில் அந்தக் கணக்கு வந்தது. மருந்து வெளியே கசியாமல் தோல் பக்கமே நிற்பதற்கு ஒரு தடுப்புச் சவ்வும் வந்தது.

ரப்பரின் கதை தனி. 1876ல் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், மறு ஆண்டே பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பின்னால் அந்த மரங்களைச் சீவ வந்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். விடிவதற்கு முன்னே எழுந்து, ஒரே கோணத்தில் குனிந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, காண்டாக் கம்பில் பால்வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். தோளும் இடுப்பும் மணிக்கட்டும் என்ன ஆகும்? லயத்து வீடுகளில் அதற்கு இருந்த மருத்துவம் ஊரிலிருந்து கூடவே வந்தது. புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவிட்டு, பொறுக்கும் சூட்டில் போடும் பற்று. மூசாம்பரத்தை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துச் சுளுக்கின்மேல் பூசினால் அது காய்ந்து இறுகி, கட்டுப்போட்ட மாதிரி மூட்டை அசையவிடாமல் வைக்கும். நொச்சி இலை ஒத்தடம் ஒரு பக்கம், 1928ல் சிங்கப்பூரில் தொடங்கிய கோடாலித் தைலம் இன்னொரு பக்கம். வலிக்கிற இடத்திலேயே மருந்தை வைக்க வேண்டும் என்பதைத் தமிழ் வீடுகளுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வைத்த மருந்து உள்ளே போகிறதா என்பதுதான் கேள்வி.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1880களில் தீயும் வெள்ளமும் பார்த்த கோலாலம்பூரைச் செங்கல்லால் திரும்பக் கட்டியபோது இங்கேதான் செங்கல் அறுத்தார்கள். தோலை ஆராய்கிறவர்களும் செங்கல் சுவரைத்தான் உவமையாகச் சொல்கிறார்கள். தோலின் மேல்பரப்பில், 1 மில்லிமீட்டரில் 50ல் ஒரு பங்குகூட எட்டாத தடிமனில், இறந்த செல்கள் செங்கல்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் சாந்துபோல நிறைந்திருப்பது கொழுப்பு. மழையில் நனைந்தாலும் உடம்பு ஊறிப்போகாமல் இருப்பது இந்தச் சுவரால்தான். பூசிய மருந்தில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடுவதும் இதே சுவரால்தான்.

சுவரில் பெரும்பாலும் சாந்து வழியாகத்தான் நுழைய முடியும். கொழுப்பில் கரையும் மூலக்கூறாக இருக்க வேண்டும், சிறியதாகவும் இருக்க வேண்டும். போஸ், மைனார்டி என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் 2000ல் ஒரு எல்லையைச் சொன்னார்கள்: மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் நல்ல தோலுக்குள் போவது கஷ்டம். கோயோக்கில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட் 152. இபுப்ரோஃபென் 206, கீட்டோப்ரோஃபென் 254, டைக்ளோஃபெனாக் 296. வீக்கம் தணிக்கும் மருந்துகளெல்லாம் கதவுக்குள் அடங்கும் அளவுதான். “இன்சுலினையும் இப்படி ஒட்டிக்கொள்ளக் கூடாதா?” என்று சர்க்கரை நோயாளிகள் கேட்பது நியாயமே. இன்சுலின் 5,800 டால்டன். அதனால்தான் அதற்கு இன்னும் ஊசி தேவைப்படுகிறது.

நுழைய முடிந்தாலும் நுழைவது கொஞ்சம்தான். இதற்கு டைக்ளோஃபெனாக் எபோலமைன் பிளாஸ்டரை எடுத்துக்கொள்ளலாம். ஸ்விட்சர்லாந்தின் ஐபிஎஸ்ஏ நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவில் 2007ல் அனுமதி பெற்றது இது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, 10க்கு 14 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு துண்டில் 180 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 12 மணி நேரம் ஒட்டியிருந்து பிடுங்கிய பிறகும் 170 மில்லிகிராம் வரை அதிலேயே மிச்சம் இருக்கலாம் என்று அதன் குறிப்பேடே சொல்கிறது. வீண் என்று தோன்றும். ஆனால் மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறைந்திருந்தால்தான் கீழே குழாயில் வேகம் இருக்கும், மட்டம் இறங்கினால் ஓட்டமும் தளரும். தோலுக்கு வெளியே மருந்தின் செறிவு உயர்ந்தே நின்றால்தான் உள்ளே சீராக இறங்கும். பிடுங்கிய பிளாஸ்டரை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் குப்பையில் போடச் சொல்வது அந்த மிச்சத்துக்காகத்தான். அது வெறும் சக்கை அல்ல.

இந்தச் சிறு அளவால் பயன் உண்டா? ரத்தத்தில் சேரும் அளவைப் பார்த்தால், 4 நாள் தொடர்ந்து ஒட்டினாலும் ஒரே ஒரு 50 மில்லிகிராம் மாத்திரை விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிளாஸ்டரின் பெருமையே இதில்தான் இருக்கிறது. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வீடுகளுக்கு இது வெறும் எண் அல்ல.

மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். வீக்கம் தணிக்கும் வலி மாத்திரைகள் வேலை செய்யும் விதத்தை ஜான் வேன் 1971ல் விளக்கினார். 1982ல் அதற்காக அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. முழங்காலில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது அந்தப் பொருள். ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயை விரித்து வைப்பதும் அதேதான். சர்க்கரையால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகம், கூடவே ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை. இவற்றுக்கு மேல் முட்டி வலிக்கென்று நாள்தோறும் ஒரு டைக்ளோஃபெனாக். கிள்ளானிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை குடும்பங்கள் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலிக்கு ஆளை அழைத்துப் போய்க் காத்திருக்கின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நூற்றில் ஒரு பங்கின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டராக இருந்தாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் மெத்தில் சாலிசிலேட் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது தோல் வழியே போய் ரத்தம் உறைவதை இன்னும் தாமதப்படுத்தக்கூடும்.

மாத்திரையைவிட மோசமான ஒன்றும் இந்த ஊரில் சுற்றுகிறது. ‘மூலிகை’ என்றும் ‘ஜமு’ என்றும் மூட்டு வலிக்கு விற்கும் சில தூள்களிலும் குளிகைகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி போகும். அதனால்தான் அண்டை வீட்டு அக்காவுக்கும் சிபாரிசு போகிறது. மாதங்கள் கழித்து முகம் ஊதும், தோல் மெலியும், சர்க்கரை ஏறும், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோகும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அந்த முகமை, பதிவு செய்த ஒவ்வொரு மருந்துக்கும் எம்ஏஎல் என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் தருகிறது. எண்ணின் முடிவில் ஏ இருந்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, எக்ஸ் இருந்தால் கடையில் நேரடியாக வாங்கலாம், டி என்றால் பாரம்பரிய மருந்து. கோயோக் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் அந்த ஐந்து விநாடி, வாங்குகிறவர் தனக்குத் தானே செய்துகொள்ளும் பெரிய உதவி.

எல்லாப் பிளாஸ்டரும் ஒன்றல்ல. 1907ல் கறுப்பாகத் தோலில் கறைபடியும் பிளாஸ்டர் விற்றுவந்த ஜப்பானின் ஹிசாமித்சு, 1934ல் வெள்ளையான சலோன்பாஸைக் கொண்டுவந்தது. அதில் இருப்பவை மெத்தில் சாலிசிலேட், மெந்தால், கற்பூரம் முதலியவை. ஒட்டியதும் வரும் குளிர்ச்சி உண்மையில் குளிர்ச்சி அல்ல. தோலின் குளிர் உணரும் நரம்புப் புரதத்தை மெந்தால் தூண்டுகிறது, மூளை ஏமாந்து குளிர்கிறது என்கிறது. மிளகாய் சூட்டை உணர்த்துவதும் இப்படித்தான். இந்த உணரிகளைத் தேடிக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டைக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் பிளாஸ்டர்களின் வேலை வேறு. குளிர்ச்சியும் காட்டாது, எரிச்சலும் காட்டாது, ஆனால் உள்ளே வீக்கத்தைத் தணிக்கும். “ஒண்ணுமே தெரியலையே” என்று ஒரே நாளில் பிடுங்கி எறிகிறவர்கள் இதை அறியாதவர்கள். அதற்காக அற்புதமும் எதிர்பார்க்கக் கூடாது. நாள்பட்ட மூட்டுத் தேய்மானம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2016 காக்ரேன் அறிக்கையின்படி, தோலில் பூசும் டைக்ளோஃபெனாக்கால் 10ல் 6 பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. மருந்தில்லாத வெறும் பூச்சிலேயே 5 பேருக்குக் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்காமல் கிடைக்கிற வித்தியாசம் அது.

கீட்டோப்ரோஃபென் பிளாஸ்டருக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. வெயில் பட்டால் அந்த மருந்து தோலில் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பலாம். ஐரோப்பிய மருந்துகள் முகமை 2010ல் இதை ஆராய்ந்து, ஒட்டும் நாட்களிலும் பிடுங்கிய பிறகு இரண்டு வாரமும் அந்த இடத்தை வெயிலிலிருந்து மறைக்கச் சொன்னது. முழங்கையில் ஒட்டிக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகிற தம்பிகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இனிப் பசை. மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிட மருந்தோடு வாழும் பசையைச் செய்வதுதான் சிரமம். உடனே ஒட்ட வேண்டும், மூட்டு மடங்கி நிமிர்ந்தாலும் நழுவக் கூடாது, பிடுங்கும்போது வயதானவரின் மெல்லிய தோலை உரிக்கவும் கூடாது. மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரி. பசைக்குள்ளேயே மருந்தைக் கலக்கும்போது சிக்கல் கூடுகிறது. ரொட்டி சானாய் மாவில் எண்ணெய் ஏற ஏற அது இளகி வீசுவதற்கு வாகாகும், அளவு மீறினால் கையோடு வந்துவிடும். மருந்தும் பசையை அப்படித்தான் இளக்குகிறது. பிடுங்கினால் தோலில் பிசுபிசுப்பு மிச்சமாகும். மருந்தைக் குறைத்தால் தொட்டி நிறையாது. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாடில்டன் குழுவும் அதிலிருந்து பிறந்த மெட்ஹெரன்ட் நிறுவனமும் 2015ல் அறிவித்தது இந்த முடிச்சைப் பற்றித்தான்: எடையில் 30 விழுக்காடு வரை இபுப்ரோஃபெனை ஏந்தியும் ஒட்டும் தன்மை கெடாத ஒரு பசை.

அதிக மருந்தைத் திணித்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு. காலப்போக்கில் பசைக்குள் மருந்து கற்கண்டுபோல் படிகமாகிவிடும். படிகமான மருந்து தோலுக்குள் போகாது. பார்கின்சன் நோய்க்கான ரோட்டிகோட்டின் பிளாஸ்டரை 2008ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது இதனால்தான். ஐரோப்பாவில் ஒரு மருந்து கெடாமல் இருக்கிறதா என்று 25 பாகை செல்சியஸில், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆசியான் நாடுகளுக்கு விதி 30 பாகை, 75 விழுக்காடு. எஃகுத் தகட்டில் ஒட்டி இழுத்துப் பார்ப்பது ஆய்வுக்கூடச் சோதனை. அசல் சோதனை நடப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், எண்ணெய் போட்டு உருவிவிட்ட முதுகில், மழைக்கு முந்திய மாலைப் புழுக்கத்தில். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, தோல் உலர்ந்தபின் ஒட்டினால்தான் எந்தப் பசையும் நிற்கும்.

பசை எதிலிருந்து வருகிறது என்ற கேள்வியும் இங்கே கூடவே வருகிறது. நீர் நிறைந்த ஜெல் வகைப் பிளாஸ்டர்கள் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும். எந்த விலங்கின் எலும்பு, எந்தத் தோல் என்று முஸ்லிம் வாடிக்கையாளர் கேட்பார், சைவச் சாப்பாட்டுக்காரப் பாட்டியும் கேட்பார். ஹலால் மருந்துகளுக்கென்றே மலேசியா 2012ல் எம்எஸ் 2424 என்ற தரநிலையை வெளியிட்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆய்வுக்கூடங்களும் சும்மா இல்லை. கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில் ஹலிசா காத்தாஸ் குழு, இறால் நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் நுண்துகள்கள் செய்து, அரிப்புத் தோல் அழற்சிக்கான ஹைட்ரோகார்ட்டிசோனை அதில் ஏற்றி ஆராய்ந்திருக்கிறது. அது பிளாஸ்டர் அல்ல, களிம்பு. என்றாலும் கேள்வி ஒன்றுதான்: மருந்து தோலோடு நிற்க வேண்டும், ரத்தத்துக்குப் போகக் கூடாது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வோங் தின் வுய் குழு, நுண்ணலையால் தோலின் கொழுப்புச் சாந்தைச் சற்று இளக்கி மருந்துக்கு வழிவிட முடியுமா என்று பார்த்தது.

எல்லாவற்றையும்விட நெஞ்சைத் தொடுவது எல்லைக்கு அப்பால், தென் தாய்லாந்தின் ஹாட்யாயில் நடக்கும் வேலை. சோங்க்லா இளவரசர் பல்கலைக்கழகத்தில் விவாட் பிச்சயாகோர்னும் சகாக்களும் கித்தாப் பாலையே எடுத்துக்கொண்டார்கள். ரப்பர்ப் பாலில் இயற்கையாக உள்ள புரதங்கள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருபவை. ரப்பர் கையுறை போட்ட செவிலியர்களுக்குத் தெரியும். அந்தப் புரதங்களை நீக்கி, செல்லுலோஸ் வகைப் பொருளைக் கலந்து, மருந்தேந்தும் மெல்லிய படலமாக வார்த்தார்கள். 2010களின் தொடக்கத்தில் நிகோட்டினை வைத்து அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள், மரத்துப் பால் மருந்தைத் தாங்கி மெதுவாக விடும் என்று காட்டின.

அந்த வேலையைச் செய்ய மலேசியாவிடம் பாலும் இருக்கிறது, ரப்பர் அறிவும் இருக்கிறது. 1920களில் அமைந்த ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் பல்லாயிரம் மரங்களோடு பரந்திருந்தது. இன்று அந்த நிலம் குவாசா டாமன்சாரா என்ற புதுநகராக மாறிக்கொண்டிருக்கிறது, எம்ஆர்டி நிலையமும் வந்துவிட்டது. காலையில் அங்கே ரயிலேறி, எஸ்கலேட்டர் பழுதானால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுகிற அம்மாக்களில், காண்டாக் கம்பு சுமந்தவர்களின் பேத்திகளும் இருப்பார்கள். அவர்கள் கைப்பையில் இருக்கும் கோயோக் ஜப்பானிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வந்திருக்கும்.